கோக்கோ வரை போன குழம்பு

ஒச்சுக்கோ காய்ச்சிய குழம்பு கரண்டியிலிருந்து நூலாக இறங்கி, அறாமல், சமையற்கட்டு ஜன்னல் வழியாக வெளியேறி, சப்பேலே ஊரின் தகரக் கூரைகளுக்கு மேலாகப் போய், ஆற்றைப் பிடித்துக்கொண்டு கோக்கோ என்கிற அடுத்த ஊரின் துறை வரைக்கும் நீண்டது. மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. அன்று சந்தையில் இறால் பொடி விலை ஏறியிருந்தது, வெங்காயம் வரவே இல்லை.

ஒச்சுக்கோ மர அறுவை ஆலையில் வேலை பார்க்கிறவன். கையெல்லாம் காய்ப்பு, வாயெல்லாம் பேச்சு. அவன் மனைவி உஃபோமா பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவள். பேச வேண்டியதையும் பாதியில் நிறுத்திக்கொள்கிற சுபாவம். அதற்கு முன்பு, வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆலை நண்பர்களைச் சாப்பிடக் கூட்டி வந்தான். அவள் ஒக்போனோ வைத்திருந்தாள். காட்டு மாங்கொட்டைப் பருப்பை இடித்துப் போட்டுச் செய்கிற குழம்பு அது. களியை உருட்டித் தொட்டுத் தூக்கினால் கூடவே நூல் விட்டுக்கொண்டு வர வேண்டும், வெண்டைக்காயெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இழுவை இல்லையென்றால் எங்கள் ஊரில் அதற்குக் குழம்பு என்றே பெயர் கிடையாது. அன்றைக்கென்று பார்த்து அது தண்ணீராக ஓடியது. ஒச்சுக்கோ ஒரு கரண்டி எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயரத் தூக்கிச் சொட்ட விட்டான். "இதுல கை கழுவவா, சாப்பிடவா?" என்று கேட்டான். நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உஃபோமா மீதித் தட்டுகளுக்கும் ஊற்றிக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் தையல் மிஷினைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கோக்கோவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் படகேறிவிட்டாள்.

கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று இருந்தான். வெயில் காலம் போனது, மழை பிடித்தது, அவன் சட்டைகளில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கோக்கோவுக்கே போய்ப் பார்த்தான். அவள் அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்று, அவள் வீட்டில் இல்லை என்றாள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. பிறகு ஆள் மேல் ஆள் அனுப்பினான். கடைசியில் போனவன் இரண்டு செய்திகளோடு திரும்பினான். உஃபோமா கோக்கோவிலேயே தையல் கடைக்கு இடம் பார்த்துவிட்டாள், வரும் திங்கட்கிழமை திறக்கிறாள் என்பது ஒன்று. மற்றது அவள் வாயாலேயே சொல்லியனுப்பியது: "குழம்பு எப்படி இருக்கணும்னு தெரிஞ்சவருதானே. அவரே வெச்சுச் சாப்பிடட்டும்."

திங்கட்கிழமை கடை திறந்துவிட்டால் அவள் அங்கேயே வேர் விட்டுவிடுவாள் என்று ஒச்சுக்கோவுக்குப் புரிந்தது. இரவெல்லாம் புரண்டான். சனிக்கிழமை விடிந்ததும், பிறந்ததிலிருந்து வெந்நீர்கூட வைத்தறியாத அந்த மனிதன் அடுப்பைப் பற்ற வைத்தான்.

அடுத்த வீட்டு டோபோரேயின் அம்மா தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவன் ஜன்னலில் வந்து தாடையை ஊன்றிக்கொண்டாள். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவளா அவள். முதல் பானை தீய்ந்தது. அடுத்த பானையில் மாவு கட்டி கட்டியாக மிதந்தது. பிறகு அவள் திட்டித் திட்டிச் சொன்னபடி, செம்பனை எண்ணெயை லேசாகச் சூடாக்கி, இறக்கி வைத்து, இடித்த பருப்பை அதில் கரைத்து, கறி வெந்த தண்ணீரை விட்டான். புகையில் வாட்டிய கெளுத்தியும் மாட்டுத்தோலும் இறால் பொடியும் மிளகாயும் போட்டான். குழம்பு நூல் விட ஆரம்பித்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஈ ஒன்று சுற்றி வந்தது. மூடியை எடுத்துப் பானையை மூடிவிட்டுக் களிக்கு மாவு கரைக்கப் போனான். திரும்பி வந்து திறந்தால் தண்ணீர்.

"ஒக்போனோவ எவனாவது மூடுவானா?" டோபோரேயின் அம்மா ஜன்னலில் அடித்துக்கொண்டாள். "மூடினா இழுவை செத்துப்போயிடும் தம்பி. கைக்குழந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும். இது தெரியாமத்தான் அவளுக்கு நொட்டை சொன்னியா?"

ஒச்சுக்கோ மூடியைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஈ இருந்தது. உஃபோமா கசப்புக்கீரை பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தாள். அந்தப் பக்கமாக வந்த அவன்தான், ஏதோ பெரிய உதவி செய்வதாக நினைத்துப் பானையை மூடிவிட்டுப் போனான். அவள் வந்து மூடியைத் திறந்தபோதே யார் வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? தெரிந்தும், அத்தனை பேர் சிரித்தபோது அவனைக் காட்டிக்கொடுக்காமல் நின்றிருக்கிறாள். அழுதான் என்று டோபோரேயின் அம்மா சொல்கிறாள், அவன் மிளகாய் என்கிறான்.

எழுந்து பானையைக் கழுவி மறுபடி வைத்தான். இந்தத் தடவை மூடியைத் தெருவில் வீசிவிட்டான். குழம்பு கொதித்து வந்ததும் கரண்டியைத் தூக்கினான், நூல் வந்தது. இன்னும் தூக்கினான்; இன்னும் வந்தது. முக்காலி மேல் ஏறி நின்று தூக்கினான். நூல் அறாமல் கரண்டியிலிருந்து நீண்டு, டோபோரேயின் அம்மாவின் காதை உரசிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கிளம்பியது.

பிறகு ஊர் ஊராக இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டே நூலைத் துரத்தினார்கள். பந்தாட்டம் பாதியில் நின்றது, நடுவர் முதல் ஆளாக ஓடினார். மின்கம்பி அறுந்து கிடந்தால்கூட எட்டிப் பார்க்காத மின்வாரியக்காரர்கள் அன்றைக்கு ஏணியோடு வந்தார்கள். நூல் சந்தையைத் தாண்டியது, ஊர்ப் படகுத்துறையைத் தாண்டியது என்று நிமிஷத்துக்கு ஒரு சேதி ஓடி வந்தது. ஒவ்வொரு சேதிக்கும் ஒச்சுக்கோ கரண்டியை இன்னும் ஒரு சாண் உயர்த்தினான். கை மரத்துப்போனது. இறக்கினால் அறுந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது பார்த்து மழை கொட்டியது. அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஓட்டை. பானையை மூடு, மூடு என்று கூட்டம் கத்தியது. மூடாதே என்று டோபோரேயின் அம்மா அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் எடாஃபே, ஆலையிலேயே பருத்த உடம்பு அவனுக்கு. அவன் கூரைமேல் ஏறி ஓட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அதன்பின் ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை.

கோக்கோவில் உஃபோமா ஒரு சட்டைக்குக் கழுத்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் கதவிடுக்கில் நுழைந்து அவள் விரலில் வந்து ஒட்டியது. நக்கிப் பார்த்தாள். சட்டையைத் தைத்து முடித்தாள். பிறகு படகுக்காரனைக் கூப்பிட்டு, அதோ அந்த நூலை ஒட்டியே போ என்றாள்.

அவள் வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் கூட்டம் வழிவிட்டது. ஒச்சுக்கோ முக்காலி மேல் கரண்டியைத் தூக்கியபடியே நின்றான். பிறகு கூரையிலிருக்கிற எடாஃபேக்கும் கேட்கும்படிச் சத்தமாகச் சொன்னான்: "அன்னிக்குப் பானைய மூடினது நான்தான். உன் குழம்புல ஒரு குறையும் இல்ல."

"தெரியும்," என்றாள் உஃபோமா. "இதுல உப்புதான் கூட."

அவன் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவன் களி போட்டு, குழம்பு ஊற்றி, எப்போதும் தனக்கே வருகிற மீன் தலையை அவள் தட்டில் வைத்தான். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று தட்டை நீட்டினாள். வெளியே எழுந்த கூச்சலில் எடாஃபே கூரையிலிருந்து வழுக்கி வாழைப் புதரில் விழுந்தான், அடி ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை உஃபோமா கோக்கோவில் கடையைத் திறந்தாள். காலையில் படகில் போகிறாள், சாயங்காலம் திரும்புகிறாள். குழம்பு வைப்பது அவன்; நூல் தினமும் கோக்கோ வரை போகிறது. பனி மூட்டமான நாட்களில் படகோட்டிகள் நூலைப் பார்த்தே ஓட்டுகிறார்கள், உயரமானவர்கள் சந்தைப் பக்கம் குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். கடையில் வேலை கூடிவிட்டால், உஃபோமா நூலைக் கத்தரியால் வெட்டிவிட்டு அன்று அக்கா வீட்டிலேயே தங்கிவிடுவாள். நூல் தொய்ந்ததும் ஒச்சுக்கோவுக்குத் தெரிந்துவிடும். தனியாகச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளைக்குப் பருப்பை இடித்து வைத்துவிட்டுப் படுப்பான்.