குழாய்க்கு அடியில் ஒரு கோடு

அந்தப் பீரங்கிக் குழாயின் அடியில் கோடு இல்லை. என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. மற்ற நேரத்தில் பிளாஸ்டிக்கில் ராணுவ டாங்கி செய்வார். பொம்மை என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். நிஜ வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பெட்டியைத் திறந்தால் பொடிப்பொடியாக எத்தனையோ துண்டுகள். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடித்து முடித்தபிறகு, அந்தப் புத்தம்புது வண்டிக்குத் துருவும் சேறும் பூச உட்காருவார்.

"நல்லா இருக்கிறதை அழுக்காக்க இவ்வளவு பாடா?" என்று கேட்டால், "சண்டைக்குப் போன வண்டி பளபளன்னு இருக்குமா?" என்பார். நான் அவருக்கு வைத்த பெயர் தளபதி.

நான் தையல்காரி. முன் அறையில் என் மெஷின், அதே அறையில் ஜன்னல் ஓரம் அவர் மேசை. நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவதும் இறுக்கமான சட்டையைப் பிரித்துவிடுவதும் என் பிழைப்பு. எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். வெளியே எல்லோரும் ஒழுங்காகத்தான் தைப்பார்கள். உள்ளே பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

டாங்கியின் குழாய் இரண்டு பாதிகளாகத்தான் பெட்டியில் வரும். ஒட்டினால் மேலும் கீழும் ஒரு மெல்லிய கோடு விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதைப் போக்க வேண்டும். தளபதி மேலே தேய்ப்பார். கீழே விட்டுவிடுவார். ஒவ்வொரு டாங்கியும் முடிந்ததும் என் மெஷின் மேல் கொண்டுவந்து வைப்பார். நான் அதைத் திருப்பிப் பார்த்து, "தையல் தெரியுது" என்பேன். "கீழே யாரு பாக்கப் போறா?" என்பார் அவர். "நான் பாக்கிறேனே" என்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர், மாடல் செய்கிறவர்கள் கூடும் கிளப்பிலிருந்து கொண்டுவந்த டாங்கியைத் திருப்பினேன். கோடு இல்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.

"தையல் தெரியலையே?"

"இந்தத் தடவை பொறுமையா தேய்ச்சேன்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வலது கையைப் பாக்கெட்டில் விட்டபடி.

பொறுமையாம். சோப்பு நுரை போகும்வரை குளிக்கப் பொறுமை இல்லாத மனிதர் இவர். பக்கவாட்டில் ஒட்டும் எண் ஸ்டிக்கரை எப்போதும் கொஞ்சம் சாய்த்துத்தான் ஒட்டுவார். இதில் அது நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. இது வேறு ஒருவர் கைவேலை.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் போதும், அதுவரை கண்ணில் பட்டும் படாமலும் போனதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆறேழு மாதமாக ஜன்னல் ஓர மேசை காலியாகவே கிடந்தது. கிளப்பில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், அங்கேயே செய்கிறாராம். பொத்தான் வைத்த சட்டைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தலை வழியாக மாட்டுகிற டி-ஷர்ட்டாகப் போட ஆரம்பித்திருந்தார். கேட்டதற்கு, "காத்தோட்டமா இருக்கு" என்றார். டீயை அரை டம்ளர்தான் ஊற்றச் சொன்னார். உடம்பைக் குறைக்கிறாராம். இந்த வயதில் யாருக்காகக் குறைக்கிறார்?

துணி துவைக்கிறவள் நான். முன்பெல்லாம் அவர் உடுப்பில் ஸ்பிரிட் வாடை அடிக்கும். எத்தனை பேருக்கு ஊசி குத்துகிறவர், அடிக்காமல் இருக்குமா? இப்போது அது சுத்தமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் மட்டும் வேறொரு வாசனை வந்தது. ஹேர் ஸ்பிரே.

தங்கைக்குப் போன் போட்டேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

"அக்கா, மாமாவுக்குத் தலையில இருக்கிறதே நாலு முடி. அவருக்கு எதுக்கு ஹேர் ஸ்பிரே?"

"அது டாங்கிக்கு அடிக்கிறதுடி. முதல்ல துரு கலர் அடிப்பாங்க, அது மேல ஹேர் ஸ்பிரே, அதுக்கு மேல பச்சை. அப்புறம் ஈர பிரஷ்ஷால தேய்ச்சா பச்சை அங்கங்க உதிர்ந்து உள்ள இருக்கிற துரு தெரியும்."

"நல்லதாப் போச்சு. அப்ப அவர் கொண்டு வந்த டாங்கியில உதிர்ந்திருக்கா?"

நான் போனைக் காதில் வைத்தபடியே அலமாரியைப் பார்த்தேன். உதிரவில்லை. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு இப்போதுதான் வெளியே வந்ததுபோல நின்றது.

"என்னக்கா பேச்சையே காணோம்?"

"போனை வை" என்றேன்.

தங்கை சொன்னதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வேலைக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேல் அவர் சேர்த்து வைத்திருக்கும் பெட்டிகளை இறக்கினேன். இனிமேல் செய்யப்போகும் டாங்கிகள், பிரிக்காத பெட்டிகள். என்னைத் தொடவிட மாட்டார். மேலே இருந்ததைத் தூக்கினேன், கை சட்டென்று மேலே போனது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததும் காலி. எட்டுச் சக்கரக் கவச வண்டி ஒன்று, ஊரெல்லாம் தேடி வாங்கியது, அந்தப் பெட்டியும் காலி. வெறும் அட்டைகளை அழகாக அடுக்கி வைத்து என்னை ஏமாற்றியிருக்கிறார். நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். எவளுக்காவது உடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. தன் உயிரையே வைத்திருந்த பெட்டிகளை எடுத்து யாருக்கோ கொடுத்திருக்கிறாரே, அப்படியானால் அது சாதாரண விஷயமா?

அழுது முடித்ததும் கோபம் வந்தது. டாங்கி வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் உறையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடையின் பெயர். கிளப்பாவது மண்ணாவது.

மறுநாளே போய்விட்டேன். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நெற்றியில் பூதக்கண்ணாடி. சுவரெல்லாம் உறைகளும் வயர்களும்.

"என்ன பிரச்சனை?" என்றாள்.

"சத்தம் வரல" என்று என் போனை நீட்டினேன். அவள் அதைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் அவள் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தேன். அங்கே ஹேர் ஸ்பிரே டப்பா இருந்தது. அதற்குப் பக்கத்தில், துருவும் சேறுமாக, எட்டுச் சக்கரக் கவச வண்டி.

அதற்கு மேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. என்னென்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெண் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "தையல்காரம்மாவா?" என்றாள்.

"ஆமா. என்ன இப்போ?"

"குழாய்ல கோடு இல்லாததைப் பாத்துட்டீங்க. அதானே?"

வாசலில் நின்ற இரண்டு பேரையும் முறைத்தேன்.

"சார் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கீழே மட்டும் கோட்டை விட்டுடுங்க, வீட்டுல திருப்பிப் பாப்பாங்கன்னு. நான்தான் கேக்கல. எடுக்காம விட எனக்கு மனசு வரல. நான் பாத்த வேலையில கோடு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது."

"அவருக்கு எதுக்கு நீங்க செஞ்சு தரணும்? அவருக்குக் கை இல்லையா?"

அவள் பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவர் கையைப் பாக்கலையா நீங்க?" என்றாள்.

அவளே ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். வலது கை நடுக்கமாம். முதலில் விரல்தானாம், இப்போது மணிக்கட்டு வரை. டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறாராம். குறையும், போகாது என்று சொன்னார்களாம். பரிசோதனைக் கூடத்தில் தானாகவே போய்ச் சொல்லி, ஊசியை விட்டுவிட்டு, வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் மேசைக்கு மாறிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து உட்கார்ந்து, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று சொல்வாராம், இவள் ஒட்டுவாளாம். அதற்குப் பதிலாகப் பெட்டிகளை இவளுக்கே கொடுத்துவிட்டாராம். ஹேர் ஸ்பிரே இவளுடைய வண்டிக்கு அடித்தது, சின்னக் கடை, அவர் மேலும் அப்பிக்கொண்டிருக்கிறது.

பொத்தான். அரை டம்ளர் டீ. பாக்கெட்டுக்குள் கை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவள் என்று பீற்றிக்கொண்ட நான் எதைத்தான் பார்த்தேன்?

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"கேட்டேன். 'தெரிஞ்சா அவ என்னைத் திட்டுறதை நிறுத்திடுவா, அதை என்னால தாங்க முடியாது'ன்னார்." அவள் என் போனை மூடி நீட்டினாள். "இதுல ஒரு கோளாறும் இல்ல. சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கீங்க."

போனை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். "அடுத்த டாங்கியில கோட்டை விட்டுடுங்க" என்றேன்.

"ஐயோ, என்னால முடியாதுங்க."

"எனக்காக."

வேலையில் பிடிவாதமான ஆளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். நேராக இருப்பதைக் கோணலாகத் தைத்துக்கொடு என்று என்னிடம் யாராவது சொன்னால் கத்தரிக்கோலை எடுப்பேன். அவள் கவச வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் நடித்த நடிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அரை டம்ளர் டீயை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காலி அட்டைகளைத் தூசி தட்டி மறுபடி பீரோ மேல் அடுக்கினேன். "என்ன, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்?" என்றார் ஒருமுறை. "தொண்டை சரியில்ல" என்றேன். தங்கை போன் போட்டபோது, ஒன்றுமில்லை, எல்லாம் என் கோணல் புத்தி என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது மறைக்கிறவள் நான்.

புது டாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது. வழக்கம்போல என் மெஷின் மேல் வைத்தார், இடது கையால். பின்பக்கம் ஆன்டெனா ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகும்போது இழுத்தால் வருகிற முடி போன்ற இழை. டாங்கியைத் தூக்கித் திருப்பினேன். குழாயின் அடியில், முனையிலிருந்து அடிவரை, கோடு இருந்தது. பாவம், அவள் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாளோ.

"தையல் தெரியுது" என்றேன்.

கீழே யாரு பாக்கப் போறா என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என் கையிலிருந்து டாங்கியை வாங்கினார். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அவரே அதைத் திருப்பிப் பார்த்தார். கோட்டின் மேல் கட்டை விரலை வைத்தார்.

"எப்ப போன?" என்றார்.

"எங்க?"

"அந்தம்மா தலையே போனாலும் கோடு விட மாட்டாங்க. நான் எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன். நீ போய்ச் சொல்லியிருக்க."

நாலு பேர் பேச்சை ஒருத்தியாகப் பேசுகிற நான் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீ போடவா?" என்றேன் கடைசியில்.

"போடு." கொஞ்சம் பொறுத்து, "முழு டம்ளரா ஊத்து" என்றார்.

டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். டாங்கியை மெஷின் மேல் வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். நான் கையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஆனால் கண்ணுக்கு நேரே டாங்கியின் ஆன்டெனா இருந்தது. காற்றே இல்லாத அறையில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் டம்ளரை அந்தக் கையாலேயே எடுத்தார். வாய்க்குப் போவதற்கு முன்பே டீ தளும்பி, நான் அப்போதுதான் தைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த வாடிக்கையாளரின் வெள்ளைக் கால்சட்டை மேல் கொட்டியது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நாளைக்குக் காலையில அந்த ஆள் வந்து நிப்பான், நான் என்ன உங்க டாங்கியையா இடுப்புல மாட்டி அனுப்பட்டும்?" என்று ஆரம்பித்தேன். கல்யாணத்தன்று அவர் மாமா செய்த கூத்துவரை இழுத்து, அக்கம்பக்கம் கேட்கும்படி, ஒரு குறையும் வைக்காமல் திட்டினேன். அவர் ஈரக் கால்சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நிறுத்திவிடாதே என்பதுபோல, சிரித்துக்கொண்டே கேட்டார்.