நாலு நிமிஷம்

மூன்றாவது நாளும் ஹில்டா வேலைக்குப் போகவில்லை. கோவில்பதாகையில் இருந்த தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, அம்பத்தூர் ஆராய்ச்சிக்கூடத்தில் இந்நேரம் டாக்டர் ஜம்புலிங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பிய்த்துக்கொள்ளட்டும். மொட்டையாகவே போகட்டும்!

"ஏம்மே, மூணு நாளா ஊட்லயே குந்திகினு கீறியே, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் ஆரோக்கியசாமி.

"உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது."

எரிந்துகொண்டிருந்தது வயிறு. பதினோரு வருஷமாக அவள் அங்கே டெக்னீஷியன். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் கண்ணாடிபோல் மெருகேற்றிய தாமிரத் துண்டை வைத்து, அதன்மேல் கதிரியக்க இண்டியம் அணுக்களைத் துளியிலும் துளியாகத் தூவுவது அவள் வேலை. என்னதான் மெருகேற்றினாலும் அந்தத் தாமிரத்தில் ஓர் அணு உயரத்துக்குப் படிகள் இருக்கும். இண்டியம் அணு சிதையும்போது அடுத்தடுத்து இரண்டு காமாக் கதிர்களை விடும். அவை போகிற திசையையும் நடுவில் உள்ள நேர இடைவெளியையும் வைத்து, அணு சமதளத்தில் இருக்கிறதா, படியோரம் ஒட்டியிருக்கிறதா, உள்ளே புதைந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். உளவு பார்க்க ஆள் அனுப்புகிற மாதிரிதான்.

போன வருஷம், தொண்ணூறில், ஒரு மதியம் ஹீட்டரைக் கொஞ்சநேரம் போட்டு நிறுத்தியபோது வரைபடத்தில் புதிதாக ஓர் அலை எழுந்தது. அணுக்கள் நகர்ந்து படியோரமாகப் போய் உட்கார்ந்திருந்தன. ஓடிப்போய்க் காட்டினாள். ஜம்புலிங்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிஷின் கோளாறும்மா அது. கண்டதையெல்லாம் நோட்டுல எழுதி வைக்காதீங்க."

அவளும் எழுதவில்லை. படத்தை மட்டும் அவர் மேசைமேல் விட்டுவிட்டு வந்தாள். போன மாதம் வெளிநாட்டுப் பத்திரிகை வந்தது. அதே படம், அதே அலை, ஜம்புலிங்கம் பேர் மட்டும். அடியில் நன்றி சொல்லியிருந்த இடத்தில் பம்ப் விற்ற கம்பெனிகூட இருந்தது, ஹில்டா இல்லை. பாவி மனுஷன்!

நாளை டெல்லியிலிருந்து ஒரு குழு அதை நேரில் பார்க்க வருகிறது. பம்பாயிலிருந்து திங்கட்கிழமை விமானத்தில் வந்த இண்டியம் மூன்று நாளில் பாதியாகிவிடும். அடுத்தது வர ஒரு மாதம் ஆகும். பார்த்தாள், அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். 'மெதுவாகச் சூடேற்றி' என்று கட்டுரையில் எழுதிய மகானுக்கு எத்தனை நிமிஷம் என்று தெரியாது. நாலு நிமிஷம். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"உங்க சார் வந்துகீறாரு, பாரு," என்று ஆரோக்கியசாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஜம்புலிங்கம் உட்காரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஹில்டா, மிச்சம் இருக்கற இண்டியம் ஒரு தடவைக்குத்தான் காணும். ஹீட்டரை எத்தனை நிமிஷம் போட்டீங்க?"

"அது மிஷின் கோளாறுதானே சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாம்மா."

ஒரு 'தப்புதாம்மா'வில் தீர்ந்துவிடுமா?

"பன்னெண்டு நிமிஷம் சார்," என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் அத்தனை அணுவும் தாமிரத்துக்குள் புதைந்து போகும். டெல்லிக்காரர்கள் முன்னால் அசடு வழிய நிற்கட்டும். நன்றாக வேண்டும்.

அவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். கீழே இன்னும் ஏதோ எழுதி அவளிடம் நீட்டினார். "நாளைக்குக் குழுகிட்ட இதையேதான் குடுக்கப்போறேன். இனிஷியல் சரியான்னு பாருங்க."

சூடேற்றும் நேரம் பன்னிரண்டு நிமிஷம். கண்டுபிடித்தவர், அ. ஹில்டா.

இனிஷியல் சரியாகத்தான் இருந்தது. மனசு உறுத்தி எழுதினாரா, நாளை சொதப்பினால் பழிபோட ஓர் ஆள் வேண்டுமென்று எழுதினாரா, அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் கையால் அவள் பேரை எழுதி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஸ்கூட்டர் லேசில் கிளம்பவில்லை. சாய்த்துப் பிடித்து உதைத்தார். இரண்டாவது உதைக்கும் வெறும் புகைதான் வந்தது. ஹில்டா எழுந்துபோய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பும்வரை 'நாலு' என்று சொல்ல நேரம் இருந்தது. மூன்றாவது முறையாக அவர் காலைத் தூக்கினார்.