உருளைக்கிழங்கில் மூன்று குச்சிகள்

கொழுந்தியாள் ஓர் உருளைக்கிழங்கில் மூன்று தீக்குச்சிகளைக் குத்தி மேசை மேல் வைத்தாள். மூன்றும் ஒரே மட்டத்தில், மின்விசிறி இறக்கைகள் மாதிரி விரிந்திருந்தன.

"அம்மோனியா. எப்படி?"

"காத்து நல்லா வருது," என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. மறுநாள் காலை வேதியியல் மறுதேர்வு. இதிலும் கோட்டை விட்டால் நர்சிங் இடம் போய்விடும். மூலக்கூறுகளின் வடிவம், அந்த ஒரு பாடம்தான் அவளுக்குத் தண்ணி காட்டியது. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவள் என் மனைவி. பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். போன மழைக்காலத்தில், ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். நானும் அதே பட்டம்தான். படித்ததைப் பெயின்ட் கம்பெனியில் தொலைத்தவன். "மாமாகிட்ட கேளு, அவரும் நாலு வார்த்தை பேசின மாதிரி இருக்கும்" என்று மாமியார் அனுப்பியிருந்தார். வந்ததும் வாலுவே அதை உளறிவிட்டாள். அவள் வாயில் எதுவும் நிற்காது.

ஒன்றைத் தவிர. என் மனைவியைப் பற்றி என் முன்னால் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் மாமியார் அடுப்பைப் பார்க்கப் போவார். மாமனார் கண்ணாடியைத் துடைப்பார். வாலு எதையாவது கீழே போடுவாள்.

"நைட்ரஜனுக்கு வெளிக்கூட்டுல எத்தனை எலக்ட்ரான்?"

"அஞ்சு."

"ஹைட்ரஜனோட சேர்ந்தது?"

"மூணு. மிச்சம் ரெண்டு சும்மா இருக்கு."

"சும்மா இல்ல. ஜோடியா ஒரு பக்கம் இடம் பிடிச்சிருக்கு. மத்ததை அண்ட விடாது."

குச்சிகளைப் பிடுங்கி, கீழ்நோக்கிச் சாய்த்துக் குத்தினேன். கிழங்கு முக்காலிபோல் நின்றது.

"உச்சியில ஒண்ணு குத்துங்க."

"அங்க அணு இல்ல."

"அப்ப எதுக்கு இடம்?"

"இடம் ஒதுக்கறப்ப அந்த ஜோடியையும் எண்ணணும். வடிவத்துக்குப் பேர் சொல்றப்ப விட்டுடணும். முக்கோணப் பிரமிடு, அவ்வளவுதான்."

கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அநியாயம் மாமா இது. அது தள்ளித்தான் மத்ததெல்லாம் இப்படிச் சாஞ்சு நிக்குது. பேர்ல மட்டும் அது கிடையாதா?"

"பரீட்சையில இதைக் கேக்க மாட்டாங்க."

"அக்கா இருந்தா குட்டியிருப்பா."

சொல்லிவிட்டாள். கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழவில்லை.

"வலிக்காமத்தான் குட்டுவா," என்றேன்.

"உங்களுக்கு வேணா வலிக்காம. எனக்கு மண்டை வீங்கும்."

சிரித்தோம். பிறகு தண்ணீர் மூலக்கூறு. நேர்கோடாக வைக்கப் போனவள், நான் சொல்வதற்கு முன்பே இரண்டு குச்சிகளையும் சாய்த்துக் குத்தினாள்.

காலையில் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன்.

"ஹேண்டில் மேலயே ஏறிட்டீங்க. கொஞ்சம் பின்னாடி வாங்க மாமா."

மனைவி திருத்தவேண்டிய விடைத்தாள் பையை எங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அந்தப் பழக்கத்தில் இன்னும் சீட்டின் நுனியில் இருந்தேன். நகரவில்லை. வாலுவும் பின்னால் தள்ளி, நடுவில் பையளவு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தேர்வு மைய வாசலைத் தாண்டியதும் திரும்பினாள். ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்தபடி மூன்று விரல்களைக் கீழ்நோக்கி விரித்துக் காட்டினாள். மறு கையை அதற்கு மேலே, எதையும் தொடாமல், குவித்துப் பிடித்திருந்தாள்.