வீட்டுக்காரருக்கு ஒரு தாழ்ப்பாள்

கீழ் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்; மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்குக் கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. அவர் வீடு, அவர் கதவு, அவரிடம் ஒரு சாவி. தானே திறந்துகொண்டு வருவார். குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பார், மின்விசிறிக்குக் கீழே அண்ணாந்து நிற்பார், சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார். நான் ஒருத்தி அங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவே படாது.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். அளவு கொடுக்கப் பெண்கள் வந்து போகிற வீடு. ஒரு நாள் பாதி தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் குண்டூசியோடு ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அவளைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார். அவள் குண்டூசியோடேயே தெருவில் இறங்கி ஓடியவள்தான், திரும்பி வரவில்லை. இன்னும் நாலு பேர் இப்படி ஓடினால் என் பிழைப்பில் மண்தான்.

என் கணவரிடம் சொன்னேன். சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். பெரியவர்தானே, போனால் போகிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே மாடி ஏறிப் போய், வாசல் கதவுக்கு நல்ல பூட்டாகப் போட்டுக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். பாதுகாப்பு ரொம்ப முக்கியம் என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

பூட்டுக்காரர் வந்த அன்று அவர் கூடவே நின்று, இருப்பதிலேயே கனமான பூட்டைப் பொறுக்கி எடுத்தார். யானை வந்து முட்டினாலும் திறக்காது என்று பூட்டுக்காரர் சத்தியம் செய்தார். புதுச் சாவியை நான் கை நீட்டி வாங்குவதற்குள் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துத் தன் வளையத்தில் கோத்துவிட்டார். மறுநாள் காலை, யானைக்குத் திறக்காத பூட்டு அவருக்கு முன்னைவிடச் சத்தமில்லாமல் திறந்தது.

சரி, வருவது யார் என்றாவது முன்கூட்டித் தெரியட்டும் என்று கதவில் துளை போட்டு ஒரு பார்வைக் கண்ணாடி வைக்கப் பூட்டுக்காரரிடம் சொன்னேன். அதற்கும் வீட்டுக்காரர் நின்று மேற்பார்வை பார்த்தார். வேலை முடிந்ததும் உள்ளிருந்து கண்ணை வைத்தால், மாடிப்படி கடுகளவு எங்கேயோ தெரிகிறது. வெளியே போய்ப் பார்த்தால் என் கூடம் முழுக்க, தையல் மெஷின் சக்கரம் வரைக்கும், பளிச்சென்று தெரிகிறது. உள்வெளி மாற்றி மாட்டியிருக்கிறீர்களே என்று கத்தினேன்.

"வெளிய என்னம்மா இருக்கு பாக்கறதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். "உள்ள இருக்கறதுதானே என்னோட வீடு?"

பூட்டுக்காரர், நியாயம்தானே என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அந்த ஓட்டையில் துண்டுத்துணியைத் திணித்து அடைத்தேன்.

அப்புறம் வீட்டுக்காரர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து, பூட்டுக்காரரை மறுபடி கூப்பிட்டு, கதவின் உள்பக்கம் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இதற்குச் சாவியும் கிடையாது, வளையமும் கிடையாது.

மறுநாள் பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை. இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார்.

"அம்மா, கதவு வரலையே."

"தாழ்ப்பாள் போட்டிருக்கேன் சார்."

"அப்ப நான் எப்படி உள்ள வர்றது?"

"தட்டுங்க. வேலை இல்லன்னா தெறக்கறேன்."

சாவி இன்னொரு தரம் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "என் வீட்டுக் கதவையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு நிம்மதியாக இரண்டு உருப்படி தைத்தேன். ஆனால் மனிதர் எங்கேயும் போகவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அந்தச் செருப்புச் சத்தத்தில் எனக்குத் தையலே கோணிப்போயிற்று. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் மனைவியிடம் முறையிட மாடிக்குப் போனேன். அங்கேயும் கதவு தாழிட்டிருந்தது. அந்தம்மா ஜன்னலைத்தான் திறந்தார்.

"முப்பது வருஷம் அவர் ஆபீஸ் போனாரு, வீடு என்கிட்ட இருந்துச்சு. ரிட்டயர் ஆனதுல இருந்து பாத்திர மூடிய ஒண்ணொண்ணா தெறந்து பாக்கறாரு. சாப்பாட்டுக்கு வரலாம், தூங்க வரலாம். பகல்ல கெடையாது." என்னை முறைத்தார். "உங்க வீட்ல இருக்காருன்னு நிம்மதியா இருந்தேன். நீயும் தாழ்ப்பாள் போட்டுட்டியா?" குரலைத் தணித்துக்கொண்டு, என் தாழ்ப்பாள் எங்கே வாங்கியது, தன்னுடையது லேசாக ஆடுகிறது என்றும் விசாரித்தார்.

இறங்கி வரும்போது வீட்டுக்காரர் படி திரும்புகிற இடத்தில், சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் என் தொழில் என்ன ஆவது என்று கோபமும் வந்தது. தட்டிவிட்டு வந்தால் உட்கார நாற்காலி போடுகிறேன் என்றேன்.

"அது உன் நாற்காலிம்மா," என்றார். "எனக்குன்னு ஒரு எடம் வேணாமா?"

இரண்டு நாள் கழித்துப் படியில் துளைபோடும் சத்தம். போய்ப் பார்த்தால் பூட்டுக்காரரும் அவரும், மொட்டைமாடியில் கிடந்த பழைய கதவு ஒன்றை, படி திரும்புகிற இடத்தில் நிலையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். பூட்டு உண்டு, தாழ்ப்பாள் உண்டு, பார்வைக் கண்ணாடி சரியான பக்கம் பார்த்து உண்டு. சுவர்தான் இல்லை. கதவுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் தாராளமாகப் போகிற இடைவெளி. கதவு எங்கே நிற்கிறது என்பது தன் வேலை இல்லை என்றார் பூட்டுக்காரர். சாயங்காலம் மாடிக்குப் போன என் கணவர் அந்த இடைவெளி வழியாக நுழைந்து போக, வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம்.

மறுநாள் ஈரத்துணி வாளியோடு நான் மொட்டைமாடிக்குக் கிளம்பினேன். கதவு சாத்தியிருந்தது. இடைவெளியில் அவர் நாற்காலியும் முழங்காலும் தெரிந்தன. எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் சட்டென்று திரும்பிக் கதவையே பார்த்தார். நான் தட்டினேன்.

"யாரு?"

"கீழ் வீடு சார். துணி காயப்போடணும்."

எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் கண்ணை வைத்து என்னை நன்றாகப் பார்த்தார். எல்லாவற்றையும் நான் பக்கத்து இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கொஞ்சம் இரும்மா," என்றார். "வேலையா இருக்கேன்."

போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் திறக்கும்வரை நின்றேன்.