நான்காவது ஆள்

கையில் தேநீர்த் தட்டு இருந்ததால் டெர்வ்லா முன்னறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். ஜன்னலோரம் திறந்த சவப்பெட்டியில் அவள் அப்பா ஜார்லத், விரல்களில் சுற்றிய ஜெபமாலையோடு கிடந்தார். அவருடைய கால்மாட்டில் சிநேகிதர்கள் ஃபின்டனும் பாட்ஸியும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே மரங்க இருக்கிற மைதானத்தை முதல்ல வச்சுக்கலாம்ல?” என்றார் பாட்ஸி. “வந்து இறங்கினதும் அந்தக் கடல் காத்துல ஆடினா என் முட்டி போயிடும். இவன் ஒருத்தன்தான் கூடாதுன்னு நின்னான்.”

“அவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே மாத்துறியே. செவ்வாய்க்கிழமை கப்பல்ல பேசிக்கலாம்.”

டெர்வ்லா தட்டைக் கீழே வைத்தாள். கோப்பைகள் குலுங்கின.

“செவ்வாய்க்கிழமை போறீங்களா?”

இருவரும் ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக்கொண்டார்கள்.

குளிர்காலம் முழுக்க அப்பா போட்ட திட்டம் அது. பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். வழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஞாயிறுதோறும் டப்ளினில் இருக்கும் அவளுக்கு ஃபோனில் சொல்வார். கப்பலேறி ஸ்காட்லாந்து. முதலில் ஒரு மரம்கூட இல்லாத கடலோர மணல்மேடுகளில் கோல்ஃப். அப்புறம் உள்ளே, ஆற்றங்கரையில், பெரிய பெரிய மரங்களுக்கு நடுவே. “காத்தோட மல்லுக்கட்டிட்டு நிழலுக்குப் போகணும்மா. நிழல்லேர்ந்து காத்துக்குப் போனா ஆட்டமே கெட்டுப்போகும்.”

“மூணு பேராவா போறீங்க?” என்று கேட்டாள்.

ஃபின்டன் தன் கோப்பைக்குள் பார்த்தார். “நாலு பேர். மூணு பேராப் போனா மைதானத்துல எவனோ ஒருத்தனை எங்ககூட சேர்த்து விட்டுடுவாங்க. மலாக்கி வரான்.”

அவளுக்குக் காது சுட்டது. க்ளப்பில் அத்தனை பேர் முன்னால், புல்லுக்குள் கிடந்த பந்தை ஜார்லத் காலால் நகர்த்தி ஏமாற்றினான் என்று சொன்னவன் மலாக்கி. அன்றோடு அப்பா அவனிடம் பேசுவதை நிறுத்தினார். அம்மாவின் அடக்கத்தன்று மலாக்கி நீட்டிய கையை அப்பா தொடவில்லை. அப்பா தொடாததால் அவளும் தொடவில்லை. கடைத்தெருவில் அவன் மனைவி எதிரே வந்தால்கூட இவள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள்.

“அப்பா உடம்பு இன்னும் வீட்டுல இருக்கு. அதுக்குள்ள அவரைத் திருடன்னு சொன்ன ஆளைக் கொண்டுவந்து அவர் இடத்துல உட்கார வைக்கிறீங்க. வெட்கமா இல்லையா உங்களுக்கு?”

“நாங்க உட்கார வைக்கலம்மா,” என்றார் ஃபின்டன் மெதுவாக. “உங்கப்பாதான் அவனைக் கூப்பிட்டான். புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலேர்ந்து.”

புதன்கிழமை அவளிடமும் பேசினார். வெறும் சளி, பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிறதை விட்டுட்டு ஓடி வராதே, சனிக்கிழமை பார்த்துக்கலாம் என்றார். வியாழன் விடிவதற்குள் போய்விட்டார்.

மலாக்கி உள்ளே வந்திருக்கவில்லை. தூறலில் வாசல் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் கோட்டுகூடப் போடாமல் இறங்கிப் போனாள்.

“அப்பா உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“இத்தனை வருஷம் கழிச்சு ஃபோன் பண்றான், பேரைக்கூடச் சொல்லலை. அந்தப் பந்தை நகர்த்தினது நான்தான்டான்னான். நீ கண்ணாடி போடாம இருந்தே, எப்படித்தான் பார்த்தேன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.”

“வேற?”

அவர் தொப்பியைத் திருப்பினார்.

“டாக்டர் சொன்னதைச் சொன்னான். தாங்காதுன்னு. என் இடத்துல நீ போ, கடலோர மைதானத்துல முதல்ல ஆடுங்க, பாட்ஸி மாத்தச் சொல்லுவான், விட்டுடாதேன்னான்.”

“தாங்காதுன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எங்கிட்ட சளின்னார்.”

“நான் சொன்னேன், முதல்ல பொண்ணைக் கூப்பிடுடான்னு. அவ அழுவா, அதைக் கேட்டுக்கிட்டுக் கிடக்க என்னால முடியாதுன்னான்.”

டப்ளினிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அன்று மத்தியானம் கிளம்பியிருந்தால்கூடப் போதும். பாட்ஸியின் முட்டிவரை யோசித்து வைத்திருக்கிறார். டெர்வ்லா திரும்பி முன்னறைக்குள் நடந்து, பெட்டியின் அருகே நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். எதிராளியின் பந்து குழிக்குள் விழாமல் விளிம்பில் நிற்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் அதே அப்பாவி முகம்.

“கோழை,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். மூடியைப் போட்டார்கள். பெட்டியைத் தூக்க அடக்க வேலைக்காரர் உயரம் பார்த்து ஆட்களை ஜோடி சேர்த்தார். பின்பக்கம் நின்ற மலாக்கிக்கு ஜோடியாக அவர் அளவுக்குக் குள்ளமான ஆள் கிடைக்கவில்லை.

“நான் தூக்குறேன்,” என்றாள் டெர்வ்லா.

ஃபின்டன் ஏதோ சொல்ல வந்தார். அவள் பார்த்த பார்வையில் விலகிக்கொண்டார்.

பாரம் தோளில் இறங்கியது. வழக்கப்படி மலாக்கி பெட்டிக்கு அடியில் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தார். அவளும் பிடித்தாக வேண்டும். ஒரு கணம் கையைத் தொங்கவிட்டிருந்தாள். பெட்டி சரிந்தது. அவர் கோட்டை எட்டிக் கொத்தாகப் பிடித்தாள்.

“வேகமா நடக்காதீங்க,” என்றாள்.

“சரிம்மா.”

வாசலைத் தாண்டியதும் விரிகுடாவிலிருந்து காற்று வந்தது. அவள் கூந்தல் அவிழ்ந்து முகம் முழுக்க ஒட்டி, வாய்க்குள்ளும் போயிற்று. விலக்கக் கை இல்லை. மாதா கோயில்வரை அப்படியே நடந்தாள்.