சுண்ணாம்புத் தீவின் கடைசி இதழ்

"சுண்ணாம்புத் தீவு கதை எப்படி முடிஞ்சுதுன்னு படிச்சிட்டு வந்து சொல்லுடி" என்று பானிங் கேட்டபோது, காய்ச்சல் வேகத்தில் ஏதோ உளறுகிறாள் என்றுதான் தாஸ்யா நினைத்தாள். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே இந்த அக்காதான். சிறு வயதில் வாராவாரம் கேட்ட கதை. ரோசிங் தன் காதலன் லியாண்ட்ரோவைப் படகேற்றி அனுப்பிவிட்டதும், தங்கை மீலாவோடு தீவிலேயே தங்கிவிட்டதும் தாஸ்யாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"நீதானேக்கா எனக்குச் சொன்ன. மறந்துபோச்சா?"

"அது நான் சொன்னது. எழுத்தாளர் என்ன எழுதினார்னு எனக்குத் தெரியாது. பாதியிலேயே காமிக்ஸ் கடைக்குப் போறத நிறுத்திட்டேன்."

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, பானிங் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சர்க்கரை நோய் அவள் கண்களை எப்போதோ தின்றுவிட்டது. இப்போது சிறுநீரகமும் போய், ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தங்கையிடம் இதுவரை எதுவுமே கேட்டிராதவள் கடைசியில் கேட்டது, ஒரு பழைய காமிக்ஸின் முடிவை. நல்ல சாப்பாடு கேட்டாலும் செய்து கொடுத்திருக்கலாம். முப்பது வருஷத்துக்கு முந்திய வார இதழுக்கு எங்கே போவது? மணிலாவை ஒட்டிய மலபோனில் பழைய காமிக்ஸ் எல்லாம் கருவாடு மடித்தே தீர்ந்துபோயிருந்தது.

அந்தக் காலத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போன்சோ என்பவர் காமிக்ஸ் கடை வைத்திருந்தார். துணி காயப்போடுவதுபோல் கொடி கட்டி, இதழ்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார். காசு கொடுத்தால் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற பேச்சே கிடையாது. இளம்பிள்ளை வாதத்தில் தாஸ்யாவின் கால்கள் இரண்டும் சூம்பியிருந்தன. இரண்டு மூங்கில் கழிகளைக் கட்டிப் பாலம் என்று பெயர் வைத்திருந்த அந்த வழியாக அவளைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியாது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பா எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இருந்தது பானிங் மட்டும். மீனையும் உப்பையும் ஊறவைத்துச் சாறு இறக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் போன்சோ கடைக்குப் போய்ப் படித்துவிட்டு, மீன் நாற்றம் மாறாமல் வந்து பாயில் உட்கார்ந்து சொல்வாள்.

அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். புயல் என்றால் சட்டி மூடியைத் தட்டுவாள். வில்லன் வந்தால் குரலை அடித்தொண்டைக்கு இறக்குவாள். கதை உச்சத்துக்கு ஏறும்போது எழுந்து அரிசி களையப் போய்விடுவாள், தாஸ்யா வயிற்றெரிச்சலோடு கத்தக் கத்த.

எல்லாவற்றையும்விட மீலா. சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் அந்தத் தீவில், ரோசிங்கின் தங்கை மீலாவுக்கு நடக்க வராது. ஆனால் சூளை ஓரமாக உட்கார்ந்தபடியே கடலின் மூச்சு மாறுவதைக் கேட்டுவிடுவாள். அவளைக் கேட்காமல் தீவில் ஒரு படகும் கிளம்பாது. தெருப் பிள்ளைகள் தன்னை நொண்டி என்று கூப்பிட்டபோதெல்லாம், போய் கிரிசாந்தோ வில்யாருவெலைக் கேளுங்கள் என்பாள் தாஸ்யா. மணிலாவில் இருக்கும் அவ்வளவு பெரிய எழுத்தாளர் தன்னைப் போன்ற ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார், உங்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதினாரா என்று மடக்குவாள். அந்த நினைப்பிலேதான் அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள், தையல் கற்றாள், தலையை நிமிர்த்தி உட்காரப் பழகினாள். இதில் மிகைப்படுத்திச் சொல்ல ஒன்றுமில்லை, அவளைக் கேட்டால் அவளே சொல்வாள்.

படிக்கத் தெரிந்த பிறகு வில்யாருவெல் எழுதிய எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ரவிக்கை தைத்ததற்குக் கூலியாகக்கூடப் பழைய இதழ்களை வாங்கியிருக்கிறாள். அவருடைய பழக்கமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர் கதையில் நல்லவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள், கெட்டவர்கள் பழம் தின்பார்கள், யாராவது ஒரு முடிவெடுக்கிற இடம் வந்தால் கட்டாயம் மழை பெய்யும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் சுண்ணாம்புத் தீவின் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. பேர் வந்ததும் மனுஷனுக்குச் சோம்பல் தட்டிவிட்டது என்று அவள் அக்காவிடம் குறைப்பட்டுக்கொள்வாள். பானிங் அப்போதெல்லாம் ஊம் கொட்டுவாளே தவிர, ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

விசாரித்ததில், பக்கத்து ஊரான நவோத்தாஸில் சால்வோசா என்ற பல் டாக்டர் பழைய காமிக்ஸ் எல்லாவற்றையும் பைண்டு பண்ணி வைத்திருப்பது தெரிந்தது. தாஸ்யா ஊன்றுகோல்களோடு சைக்கிள் ரிக்‌ஷா ஏறிப் போனாள். டாக்டர் அலமாரியைத் திறந்து தடித்த புத்தகம் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துவந்தார். இங்கேயே உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம், புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது, மெஷினில் வைத்து நகல் எடுக்கவும் கூடாது, முதுகு உடைந்துவிடும் என்றார். போன்சோ கடைச் சட்டம்தான். தாஸ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே இடம்பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக சுண்ணாம்புத் தீவின் முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

ரோசிங் இருந்தாள். சூளை இருந்தது. கப்பலில் வேலை செய்யும் லியாண்ட்ரோவும் சீக்கிரமே வந்துவிட்டான். மீலாவைத்தான் காணோம். அடுத்த வாரம் வருவாள் என்று புரட்டினாள், அதற்கடுத்த வாரத்தையும் புரட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேடினாள். புயல் வந்தது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு கிழட்டு மீனவன். ரோசிங்குக்குத் தங்கையே கிடையாது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷமாக அக்கா காதில் பூ சுற்றியிருக்கிறாள். மணிலாவின் பெரிய எழுத்தாளர் அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, முடிவைப் படிக்காமலே வீட்டுக்கு வந்தாள். டாக்டர் அந்தப் பாகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பானிங்கிடம் ஒரு பொய் சொன்னாள்.

மறுநாள் காலை கஞ்சி ஊட்டும்போது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. பானிங் வாயைத் திறந்து காத்திருந்தாள், கண் தெரியாததால் கரண்டி எங்கே வருகிறது என்று தெரியாமல். அந்த வாய்தான் மீலாவைப் பேசியது. ஆலையில் பகலெல்லாம் நின்று கால் வீங்கி வந்து, தங்கைக்காக ஒருத்தியை உண்டாக்கி, பேரையும் புகழையும் எவனோ ஒரு எழுத்தாளனுக்குக் கொடுத்துவிட்ட வாய். தாஸ்யாவின் கரண்டி பாதியிலேயே நின்றது. கஞ்சி சூடு என்று சொல்லிச் சமாளித்தாள்.

இரண்டாம் தடவை போனபோது கடைசி இதழ்வரை படித்தாள். அக்கா சொன்ன கதையில் லியாண்ட்ரோவுக்கு செபு துறைமுகத்தில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். அச்சில் அப்படி யாரும் இல்லை. அவன் தங்கமான மனுஷன். ஞாயிற்றுக்கிழமை கப்பல் புறப்படுகிறது, என்னோடு வா என்கிறான். கொட்டும் மழையில் ரோசிங் போகிறாள். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம்: கப்பல் தளத்தில் இடுப்பில் குழந்தையோடு ரோசிங், வாய்விட்டுச் சிரித்தபடி.

அந்தப் படத்தைப் பார்த்ததும் தாஸ்யாவுக்கு வேறொரு கப்பல்காரர் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நார்சிசோ என்று பேர், தீவுகளுக்கு ஓடும் கப்பலில் வேலை. கரைக்கு வரும்போதெல்லாம் பானிங்குக்காக வீட்டில் தண்ணீர் நிரப்புவார், விறகு பிளப்பார், அந்த ஊரில் பெண் கேட்கிற எவனும் செய்கிற மாதிரி. தாஸ்யாவுக்கு முதல் ஊன்றுகோலைச் செதுக்கிக் கொடுத்தவரும் அவர்தான். அக்கா சொன்ன கதையில் லியாண்ட்ரோவின் குட்டு வெளிப்பட்ட சமயத்தில்தான் அவர் வருவதும் நின்றது. இவரும் அப்படிப்பட்ட ஆள்தான் போலிருக்கிறது என்று சின்னவளாக இருந்த தாஸ்யா முடிவுகட்டி, அந்தக் கோலை அடுப்பில் போடச் சொன்னாள். பானிங் போடவில்லை. இன்றைக்கும் அது கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உள்ளதைச் சொன்னால், போனவள் நன்றாக வாழ்ந்தாள் என்று கேட்டுவிட்டு அக்கா கண்ணை மூடுவாள். தனக்காக அக்கா தொலைத்த வாழ்க்கையை அவள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி? ஆகவே வீடு வருவதற்குள் ஒரு முடிவு தயாரானது. லியாண்ட்ரோ கள்ளக்கடத்தல்காரன். ரோசிங் அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுகிறாள். போலீஸ் வருகிறது.

பானிங்கைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். நன்றாகவே சொன்னாள். போலீஸ்காரனுக்குக் குரலைக்கூட மாற்றினாள். பானிங் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோசிங் பெட்டியை மூடிவிட்டு, நீ போ, நான் வரமாட்டேன் என்று சொன்ன இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"மழை பெஞ்சுதா?"

தன் கதையில் தாஸ்யா மழையைப் போட மறந்திருந்தாள்.

"அவர் கதையில மழை இல்லாம யாரும் முடிவெடுக்க மாட்டாங்களேடி. நீதானே எப்பவும் சொல்லுவ. எனக்கே கதை விடுறியா? உள்ளதச் சொல்லு."

தாஸ்யா சொன்னாள். மழையைச் சொன்னாள், கப்பலைச் சொன்னாள், இடுப்பில் இருந்த குழந்தையைச் சொன்னாள். சிரிப்பை மட்டும் விட்டுவிடப் பார்த்தாள்.

"முகம் எப்படி வரைஞ்சிருக்கு?"

"சிரிக்கிறாக்கா."

கடல் ஏறித் தண்ணீர் தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டது. வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஞாயித்துக்கிழமை கப்பல், வர்றியான்னு அவன் கேக்குற இடத்துல தொடரும்னு போட்டிருந்தது" என்றாள் பானிங். "அதே வாரம் நார்சிசோவும் கேட்டிருந்தார். உன்னைக் கொஞ்ச காலம் கன்னியாஸ்திரிங்ககிட்ட விட்டுட்டு வரலாம்னார். கெட்ட மனுஷன் இல்ல, அவர் சம்பளத்துக்கு அவ்வளவுதான் முடியும். அடுத்த வாரம் ரோசிங் கிளம்பிட்டான்னு படிச்சா எனக்கும் கால் நிக்காதுன்னு பயம். அதான் அந்தக் கடைப் பக்கமே போகல."

தாஸ்யாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போயிருக்கலாமே, என்னால்தானே எல்லாம் போச்சு, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். பதிலைக் கேட்க அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

"மீலா வர்றாளா அதுல?"

"இல்லக்கா. மீலாவே இல்ல. முதல்லேர்ந்து தேடிட்டேன்."

"எனக்குத் தெரியாதா? அவள உண்டாக்கினவளே நான்தானே." பானிங்கின் கை தடவித் தடவித் தங்கையின் தலையைத் தேடிப் பிடித்தது. "மீலா இல்லாத தீவுடி அது. அங்க உட்கார்ந்து ரோசிங் என்ன பண்ணுவா? போகட்டும். நல்லா இருக்கட்டும்."

பிறகு தலையணையில் சரிந்து, தண்ணீர் கேட்டு ஒரு மடக்குக் குடித்தாள்.

"புயல் வந்த வாரத்தச் சொல்லு. மீலா காது குடுத்துக் கேப்பாளே, அது. எப்படிச் சொன்னேன்னு எனக்கே மறந்துபோச்சு."

தாஸ்யாவுக்கு மறக்கவில்லை. ஊன்றுகோலை எட்டி எடுத்து, அடுப்படி வரை போய்ச் சட்டி மூடியை எடுத்துவந்து, அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.