எட்டாவது இடத்துக்கு ஒட்டகம்

நாலு மணிக்கு லீக் ஆபீஸிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. கால்பந்து கிளப்பில் எல்லாருக்குமே அவள் அக்காதான்; ஆட்டக்காரர்களின் பெயரைப் பதிவு செய்வது அவள் வேலை. பட்டியலில் எட்டு இடம் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களுக்கு. அதில் எட்டாவது பெயர் செல்லாதாம். ஐந்து மணிக்குள் வேறு ஆள் தராவிட்டால் சீசன் முழுக்க அந்த இடம் காலி.

யார் அந்த எட்டாவது ஆள்? கிளப் தலைவரின் மருமகன், கோல்கீப்பர். ஊருக்கே அவர் மாப்பிள்ளை. மைதானத்துக்கு அடுத்த தெருவில் பிறந்தவர்தானே என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டாள். விதியோ பிறந்த தெருவைக் கேட்கவில்லை. இருபத்தொரு வயதுக்குள் மூன்று சீசன் இந்த நாட்டுக் கிளப்பில் ஆடியிருக்க வேண்டும். மாப்பிள்ளை ஆட்டம் பழகியதெல்லாம் வெளிநாட்டில். பத்து வருஷமாக இதே வேலை பார்ப்பவள் இப்படிக் கோட்டை விடலாமா? தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்த கை அப்படியே நின்றது. பிறப்பு கணக்கில்லை என்றால், ஒட்டகம்?

ஒட்டகம் நெட்டையான தடுப்பாட்டக்காரன். வெளிநாட்டுக்காரன், அந்தக் கணக்கில் இடமில்லை என்று காலையில்தான் கோச் அவனுக்கு விடை கொடுத்திருந்தார். ஆனால் இங்கே வந்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லையே! அக்கா பீரோவைக் குடைந்து ஜூனியர் அணிப் பதிவேடுகளை இழுத்துப் போட்டாள். பதினாறு வயது, பதினேழு, பதினெட்டு. மூன்று வருஷமும் அவன் பெயர், அதுவும் அவள் கையெழுத்தில்.

போன் போட்டால், ஏர்போர்ட் பஸ்ஸில் இருக்கிறானாம்.

“எந்த ஸ்டாப்பா இருந்தாலும் இறங்குடா. ஆள் அனுப்புறேன்.”

அனுப்ப ஆள்? பைக் வைத்திருந்தவர் மாப்பிள்ளை மட்டும்தான். இடம் பறிபோன மனுஷனிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று அக்கா விழித்தாள். அவரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில்தான் நின்றிருந்தார்.

“மாமனாருக்கு நீங்க பதில் சொல்லிக்குங்க. அவனை நான் கூட்டிட்டு வர்றேன்” என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பதிவேட்டுப் பக்கங்களை அனுப்பியாயிற்று. இனி ஒட்டகத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கோச் நகத்தைக் கடித்தார். அக்கா மேசைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தாள். நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பைக் வந்து நின்றது. பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, காலை மடக்க வழியில்லாமல் பின்னால் ஒட்டகம். கையெழுத்துப் போட்டான். அக்கா அனுப்பினாள். ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது: ஏற்கப்பட்டது.

கோச் கத்திய கத்தலில் பக்கத்து அறை ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். ஒட்டகம் மட்டும் சிரிக்காமல் போனை எடுத்தான். இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தானாம். அவளும் அவனுக்காக அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாளாம்.

“அம்மா, நான் வரல. என்னை இங்க எடுத்துக்கிட்டாங்க.”

அந்த அம்மா போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. பிள்ளை வரவில்லை என்றதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட தாயை அக்கா கண்டதில்லை. கூச்சல் ஓய்ந்த பிறகுதான் அந்த அம்மா அழுவது கேட்டது.